ஏழு எட்டு

வேதியியல் கட்டடத்தின் அடித்தளத்தில்
இருபத்து நான்கு நாற்காலிகள்.
வாலிபால் அணி முழுக்க வந்தாக வேண்டும்;
வராதவனுக்குச் சனிக்கிழமை ஆட்டம் கிடையாது.
சாஸ்கட்டூனில் அன்று மைனஸ் முப்பத்தொன்று.
"நாம வந்தது ஹீட்டருக்காக" என்றான் ப்ரோடி.
சிரித்தோம். நான் கொஞ்சம் அதிகமாகவே.

மொரீன் ஒகேமாசிஸ்
பதினோரு வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டியவராம்.
கடைசி இருக்கையில் நடப்பதைக்
கண்ணாடியில் பிடிக்கிற பார்வை
இன்னும் அவரை விட்டுப் போகவில்லை.
படம் போடவில்லை. சதவீதம் சொல்லவில்லை.
நீல டேப்பைப் பல்லால் கிழித்துத்
தரையில் ஒரு செவ்வகம் ஒட்டினார்.

"இது கதவு.
உள்ளே ஒரு பொண்ணு, நிக்க முடியாத அளவுக்குக் குடிச்சிருக்கா.
கூட ஒருத்தன். உங்க சிநேகிதன்.
நடந்து போங்க. போய் ஏதாவது சொல்லுங்க.
எதுவானாலும் பரவாயில்ல."

டெவ்லின் போனான், போலீஸ்காரன் மாதிரி கத்தினான்.
ஒருவன் வாய் திறக்காமலே திரும்பி வந்தான்.
கோல்டன் ரீமர், அணியிலேயே சின்னவன்,
"பீட்சா வந்துருச்சு" என்றான்.
"பீட்சா நல்ல யோசனை" என்றார் மொரீன்,
சிரிக்காமல்.

என் முறை.
சுவரிலிருந்து டேப் வரைக்கும் ஏழு எட்டு.
நாலாவதில் கால் நின்றுவிட்டது.

அக்டோபரில்,
நிஜக் கதவு ஒன்றின் முன்னால்,
சாம்பல் நிற பூட்ஸ் ஒன்று சாய்ந்து கிடந்தது.
ஒன்றுதான். கயிறு அவிழ்க்காமலே கழன்றது.
உள்ளிருந்து ஒரு குரல்
"வேண்டாம்" என்றா, "வேணும்" என்றா,
பாட்டுச் சத்தத்தில் புரியவில்லை
என்று இத்தனை மாதம் எனக்கு நானே சொல்லியிருக்கிறேன்.
குனிந்தேன்.
பூட்ஸை நிமிர்த்தி, சுவரோரம் ஒழுங்காக வைத்தேன்.
யாரும் தடுக்கி விழக் கூடாதே என்று.
பிறகு என் கோட்டைத் தேடப் போனேன்.

"கேட்டியா?" என்றார் மொரீன்.
எதைக் கேட்டார் என்று இன்றுவரை தெரியாது:
வாயால் கேட்பதையா, காதால் கேட்பதையா.
இரண்டுக்கும் என்னிடம் ஒரே பதில்தான்.
தலையை ஆட்டிவிட்டு உட்கார்ந்தேன்.

கருத்துப் படிவத்தில்
"இன்று என்ன கற்றீர்கள்?" என்று ஒரு கட்டம்.
"பீட்சா" என்று எழுதினேன். அடித்தேன்.
வெறுமையாகவே கொடுத்தேன்.

மார்ச் முதல் வாரம், பதினொன்றாம் தெருவில் ஒரு வீடு.
டாரியா படியின் கைப்பிடியை
இரண்டு கையாலும் பிடித்திருந்தாள்.
அவள் இடுப்பை ப்ரோடி பிடித்திருந்தான்.
மேலே ஏற மூன்று படி பாக்கி.
எனக்கும் அவனுக்கும் நடுவே எத்தனை எட்டு
என்று எண்ணவில்லை. எண்ணினால் நின்றுவிடுவேன்.

"டேய், உன் வண்டி ஹெட்லைட் எரியுதுடா."

பொய்தான். அசட்டுப் பொய்.
ஆனால் அந்த ஊரில், அந்தக் குளிரில்,
பேட்டரி செத்தால் காலை வரைக்கும் கதி இல்லை என்று
எவனுக்கும் தெரியும்.
கோட்டுகூடப் போடாமல் ஓடினான்.

டாரியாவின் அறைத்தோழி சமையலறையில்
யாருடனோ ஹாக்கி பற்றிச் சண்டை போட்டுக்கொண்டிருந்தாள்.
கையைப் பிடித்து இழுத்து வந்தேன்.
"வீட்டுக்குப் போறியா?" என்று அவள் கேட்டாள்.
டாரியா பதில் சொல்ல வெகுநேரம் ஆனது.
அந்த வெகுநேரமும் நாங்கள் காத்திருந்தோம்.

ப்ரோடி திரும்பியபோது மீசையில் பனி.
"எரியலையே" என்றான்.
"அப்ப சரி" என்றேன்.
புரிந்துகொண்டான். அதன் பிறகு
மூன்று வாரம் எனக்குப் பந்து போடவில்லை.
வலையருகே தனியாகக் குதித்துக் குதித்து இறங்கினேன்.

ஏப்ரலில் மொரீனைத் தேடி அடித்தளத்துக்குப் போனேன்.
மார்ச்சைச் சொல்ல என்று நினைத்துத்தான் போனேன்;
வாயில் வந்தது அக்டோபர்.
அவர் "பரவாயில்ல" என்று சொல்லவில்லை.
நாற்காலியை இழுத்துப் போட்டார்.

டேப்பை உரித்திருந்தார்கள்.
பசை மட்டும் தரையில் நாலு மூலையாக,
அதில் ஒட்டிய தூசியோடு.

வெளியே வழியெல்லாம் உருகும் பனிச் சகதி,
நூலக வாசலில் வரிசையாகக் கழற்றிவைத்த பூட்ஸ்கள்.
சாம்பல் நிறத்தில் மட்டும் பத்துப் பன்னிரண்டு.
அவள் பேர் எனக்குத் தெரியாது.